ஆரி வகுப்பு: என்ன பார்த்துச் சேர்வது, எப்படிப் பழகுவது

பிளவுஸில் கொக்கி ஊசியால் பூவேலை போடும் ஆரித் தையலைச் சொல்லித்தரும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன, அதுவும் தமிழிலேயே, இலவசமாகவே. அப்புறம் எதற்குக் காசு கொடுத்து வகுப்புக்குப் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். ஆரித் தையலில் பாதி வேலை துணிக்கு அடியில் நடக்கிறது, அதைக் கேமரா காட்டுவதில்லை. மேலே வலது கை ஊசியைக் குத்தி எடுப்பது அழகாகத் தெரியும். கீழே இடது கை நூலை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது, எந்தப் பக்கமாகச் சுற்றி ஊசியின் கொக்கியில் மாட்டுகிறது, எந்த நொடியில் விடுகிறது என்பதெல்லாம் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து உங்கள் விரலைப் பிடித்துக் காட்டினால்தான் பிடிபடும். அந்த இடது கை பழகிவிட்டால் மீதி டிசைன்களை வீடியோ பார்த்தே போட்டுக்கொள்ளலாம். பழகாதவரை நூறு வீடியோ பார்த்தாலும் நூல் வளையம் நழுவிக்கொண்டேதான் இருக்கும்.

அதனால் வகுப்பு தேடும்போதும் சரி, சேர்ந்த பிறகும் சரி, இந்தக் கீழ்க்கை விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் எதில் சேர்வது

வகுப்பு நடத்தும் இடங்களின் போர்டில் ஹேண்ட் எம்ப்ராய்டரி, ஆரி, சர்தோசி, கட்ச் வொர்க், மிரர் வொர்க், கிராஸ் ஸ்டிட்ச் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். பார்த்ததும் தலை சுற்றும். ஊசியை வைத்துப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் இரண்டே வகைதான். காதில் நூல் கோர்த்துத் தைக்கும் சாதாரண ஊசி வேலை ஒன்று, நுனியில் கொக்கி உள்ள ஆரி ஊசி வேலை இன்னொன்று. வகுப்பில் முதல் வகையை 'நார்மல் நீடில்' என்பார்கள். கட்ச், கண்ணாடி, கிராஸ் ஸ்டிட்ச், ஃபிரெஞ்சு நாட், புல்லியன் எல்லாம் நார்மல் ஊசி. செயின், மணி, சமிக்கி, லோட் ஸ்டிட்ச் போன்றவை ஆரி ஊசி. உலோகக் கம்பிச் சுருளை வைத்துத் தைக்கும் சர்தோசியை இரண்டிலும் செய்யலாம், நம் ஊர் வகுப்புகளில் பெரும்பாலும் நார்மல் ஊசியில்தான் சொல்லித் தருகிறார்கள்.

சட்டைக்குப் பட்டன்கூட தைத்ததில்லை என்றால் நேராக ஆரிக்குப் போகாமல், முதலில் நார்மல் ஊசி வேலையைக் கொஞ்ச நாள் பழகுங்கள். ரன்னிங், பேக் ஸ்டிட்ச், ஸ்டெம், சாட்டின், லேசி டெய்சி, ஹெர்ரிங்போன் ஆகிய இந்த ஆறும் கை வந்தால் போதும். ஆறு இழை எம்ப்ராய்டரி நூலில் இரண்டு இழை பிரித்து எடுப்பது, துணியைச் சுருங்க விடாமல் நூலை இழுப்பது, பென்சில் கோட்டை விட்டு விலகாமல் தைப்பது எல்லாம் அதில் வந்துவிடும். ஆரிக்குள் போகும்போது கண் ஏற்கெனவே தயாராக இருக்கும், புதிதாகக் கற்க வேண்டியது கை மட்டும்தான். ஏற்கெனவே தையல் தெரிந்தவர்கள், வீட்டில் சும்மா பூ போட்டுப் பழகியவர்கள், இந்தப் படியைத் தாண்டிப் போகலாம், தப்பில்லை.

இந்தக் கொக்கி ஊசி நம்முடையது மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சி சமூகத்தார் செருப்புத் தைக்கும் கொக்கி உளி போன்ற கருவியால் துணியிலும் பூவேலை செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் இந்த முறை ஐரோப்பாவுக்குப் போய், மேளம் மாதிரி இழுத்துக் கட்டிய வட்டச் சட்டத்தில் தைப்பதால் பிரான்சில் 'தாம்பூர்' என்று பெயர் பெற்றது. அங்கே லூனேவில் பகுதி முறையில் ஒரு விசேஷம். மணிகளை முன்கூட்டியே நூலில் கோர்த்துவிட்டு, துணியின் பின்பக்கத்தை மேலே வைத்துத் தைப்பார்கள். மணி எல்லாம் அடியில் போய் உட்காரும், தைப்பவர் அழகான பக்கத்தைப் பார்ப்பதே இல்லை, கீழே உள்ள கை தடவிப் பார்த்துத்தான் சரிபார்க்கும். அங்கேயும் கீழ்க்கைதான் ராஜா.

வகுப்பைப் பார்த்துச் சேருங்கள்

ஃபோனில் கட்டணம் கேட்டுவிட்டு ஜிபே பண்ணிவிடாதீர்கள். ஒரு வகுப்பு நடக்கும் நேரத்தில் நேரில் போய்க் கால் மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். நல்ல டீச்சர் யாரும் மறுக்க மாட்டார். உட்கார்ந்து பார்க்க வேண்டியது சுவரில் மாட்டியிருக்கும் மணப்பெண் பிளவுஸ்களை அல்ல, டீச்சரின் நடமாட்டத்தை. ஒவ்வொரு ஃப்ரேம் பக்கமும் வருகிறாரா, குனிந்து அடியில் பார்க்கிறாரா, மாணவியின் இடது கையைப் பிடித்துத் திருத்துகிறாரா, அல்லது முன்னால் ஒருமுறை செய்துகாட்டிவிட்டு "இதே மாதிரி போடுங்கம்மா" என்று போய்விடுகிறாரா? இரண்டாவது வகை என்றால் அது வீடியோதான், கூடவே பஸ் செலவு.

ஒரு டீச்சருக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நான் பார்த்தவரை ஆறு, எட்டு பேருக்கு மேல் போனால் யாரோ ஒருவர் அன்றைக்குக் கவனிக்கப்படாமல் வீட்டுக்குப் போகிறார், பெரும்பாலும் அது வாயே திறக்காத ஆள். அப்புறம் அங்கே படிக்கும் யாராவது ஒருவரின் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். நூல் முடிச்சும் வாலுமாகத் தொங்கினால் முடிப்பது எப்படி என்று அங்கே சரியாகச் சொல்லித் தரவில்லை என்று அர்த்தம்.

காசு விஷயத்தில் கேட்க வேண்டியதை வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். கட்டணத்தில் ஊசி, நூல், மணி சேர்ந்ததா, தனியா? ஃப்ரேம் அங்கேயே தருவார்களா, வாங்க வேண்டுமா? ஒருநாள் வராவிட்டால் விட்ட பாடம் மறுபடி கிடைக்குமா? 'கிட்' என்று ஒரு பெரிய பையைக் கட்டாயமாக விற்கும் இடங்கள் உண்டு. அதில் பாதிப் பொருள் மூன்றாவது மாதத்தில்தான் தேவைப்படும், சிலது தேவையே படாது. 'அரசு சான்றிதழ்' என்று போர்டில் இருந்தால் எந்தத் துறை, எந்தத் தேர்வு என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அந்தச் சான்றிதழுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஆர்டர் கொடுக்க வரும் வாடிக்கையாளர் சான்றிதழைக் கேட்பதில்லை, சாம்பிள் துணியைத்தான் கேட்பார்.

கட்டணம் கட்ட வசதி இல்லாதவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம், வங்கிகள் மாவட்டங்களில் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம். பயிற்சி இலவசம், சாப்பாடும் கொடுப்பார்கள். எந்த மாதம் எந்தப் பயிற்சி என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், எம்ப்ராய்டரி எப்போது என்று கேட்டுப் பெயரைப் பதிந்து வையுங்கள். முழு வருடம் ஒதுக்க முடிகிற இளம்பெண்களுக்கு ஐ.டி.ஐ.யில் எம்ப்ராய்டரிக்கென்றே ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊர் ஐ.டி.ஐ.யில் அந்தப் பிரிவு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் ஒத்துவராவிட்டால்தான் தனியார் வகுப்பு.

முதல் நாளுக்கு வாங்க வேண்டியது

மிகக் குறைவுதான். ஒரு ஆரி ஊசி, முடிந்தால் இரண்டு (ஒன்று நிச்சயம் உடையும்). பழகுவதற்கு ஒரு மீட்டர் காடா துணி. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் நிறத்தில் நூல், சிவப்போ பச்சையோ. கடையில் சில்க் த்ரெட் என்று விற்பது பெரும்பாலும் ரேயான்தான், வழுக்கும். முதல் சில நாளைக்குக் கொஞ்சம் தடிமனான பருத்தி நூல் கிடைத்தால் அது கை விட்டுப் போகாமல் நிற்கும். சின்னக் கத்தரிக்கோல். ஒரு வட்ட ஃப்ரேம், ஸ்டாண்டுடன். ஜரி, மணி, கல், சர்தோசிச் சுருள் எதுவும் இப்போது வேண்டாம். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை, சவுக்கார்பேட்டை பக்கம் ஒருமுறை போய்வந்தால் கண்ணைப் பறிக்கும், பை நிறைய வாங்கத் தோன்றும். செயின் ஸ்டிட்ச் நேராக வரும்வரை அந்தப் பக்கமே போகாமல் இருப்பது பர்சுக்கு நல்லது.

ஊசி வாங்கும்போது நுனியை நகத்தில் மெதுவாக உரசிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் துணி இழையைப் பிடித்து இழுக்கும். கொக்கியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தைக்கும்போது அடியில் தெரியாது, அதனால் கைப்பிடியில் கொக்கி இருக்கும் பக்கமாக ஒரு மார்க்கர் புள்ளி வைத்துவிடுங்கள். சிறிய விஷயம், ஆனால் முதல் வாரம் முழுக்க இந்தப் புள்ளிதான் காப்பாற்றும்.

வட்ட ஃப்ரேமின் உள்வளையத்தில் பழைய வேட்டித் துணியை அரை அங்குல நாடாவாகக் கிழித்து நெருக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள், துணி வழுக்காது. துணியை மாட்டி விரலால் சுண்டினால் 'டம்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் தைக்க ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பத்தில் வரும் சிக்கலில் கணிசமான பங்கு தளர்ந்த துணியால் வருவது, அதைக் கையின் குற்றம் என்று நினைத்துத் தேவையில்லாமல் மனம் உடைந்து போகிறார்கள்.

செயின் ஸ்டிட்ச்: கீழே என்ன நடக்கிறது

ஊசியைச் செங்குத்தாகப் பிடியுங்கள், சாய்க்காதீர்கள். கொக்கியின் வாய், அதாவது நீங்கள் வைத்த புள்ளி, கோடு போகிற திசையைப் பார்க்கட்டும். குத்துங்கள். கொக்கி முழுதும் துணிக்குக் கீழே போக வேண்டும், ஆனால் ரொம்ப ஆழமாகவும் வேண்டாம்.

இப்போது கீழே. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூலைப் பிடித்திருக்கும், நூல் நுனியில் முடிச்சு. மீதி நூல் உள்ளங்கை வழியாக மற்ற விரல்களுக்கு நடுவே ஓடும், அந்த விரல்கள்தான் பிரேக். நூலை ஊசியைச் சுற்றி ஒரு சுற்று கொண்டுவந்து கொக்கியின் வாயில் உட்கார வைத்து, லேசாகக் கீழ்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். நூல் கொக்கியில் உட்கார்ந்ததும் ஒரு சின்ன இழுப்பு விரலுக்குத் தெரியும். அந்த உணர்வைத்தான் வகுப்பில் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள், அதை எழுத்தில் இதற்கு மேல் சொல்ல முடியாது.

உட்கார்ந்தது தெரிந்ததும் மேல் கை ஊசியை அரைச் சுற்றுத் திருப்பும், வாய் இப்போது பின்னால், தைத்து முடித்த பக்கம் பார்க்கும். ஊசியின் வழவழப்பான முதுகுப் பக்கத்தைத் துவாரத்தின் முன் ஓரத்தில் லேசாக அழுத்துங்கள். துவாரம் ஒரு இம்மி திறக்கும், அந்த இடைவெளியில் கொக்கி துணியில் சிக்காமல் மேலே வரும். வரும்போது நூல் ஒரு வளையமாக ஊசியோடு வரும். அந்த வளையத்தை விடாமலே ஒரு அரிசி நீளத்தில் பாதி தூரம் முன்னால் தள்ளி, ஊசியைத் திருப்பி, மறுபடி குத்துங்கள். அவ்வளவுதான், இதையே ஆயிரம் தடவை.

எங்கே தவறுகிறது என்பதைத் தையலே சொல்லிவிடும். மேலே வரும்போது வளையம் நழுவுகிறதா? கீழ்க்கை நூலைச் சீக்கிரம் விட்டுவிடுகிறது. ஊசி துணியின் இழையையும் சேர்த்து இழுக்கிறதா? திருப்புவது அரைச் சுற்று வரவில்லை, அல்லது துணி தளர்ந்திருக்கிறது. நூலில் பாதி இழை மட்டும் மேலே வந்து பிசிறு தட்டுகிறதா? கொக்கி நூலைக் குத்துகிறது, கீழ்க்கை நூலைச் சுற்றவில்லை, சும்மா பக்கத்தில் காட்டுகிறது. துணி சுருங்கிக்கொண்டு வருகிறதா? பிரேக் அதிகம், விரலைத் தளர்த்துங்கள். டீச்சரைக் கூப்பிட்டு "வரமாட்டேங்குது மேடம்" என்று மட்டும் சொல்லாமல், "வளையம் மேலே வரும்போது நழுவுது" என்று சொன்னால் அவர் நேராகக் கீழே கையை விட்டுத் திருத்துவார்.

நேர்கோடு வந்ததும் பூவுக்குத் தாவிவிடாதீர்கள். உங்களை நோக்கி, உங்களை விட்டு விலகி, இடம், வலம் என நாலு திசையிலும் கோடு போடுங்கள். பெரிய ஃப்ரேமில் துணியைத் திருப்ப முடியாது, கைதான் திரும்ப வேண்டும். பலருக்குத் தன்னை நோக்கி வரும் கோடு அழகாக வரும், இடப்பக்கம் போகும் கோடு கோணல் மாணலாக வரும். அப்புறம் வளைவு, வட்டம், நத்தைச் சுருள், மாங்காய். மாங்காயின் கூர்முனையில் ஒரு மிகச் சிறிய தையல் போட்டுவிட்டுத் திரும்பினால் முனை மழுங்காது.

முடிப்பது தனிப் பாடம். செயின் ஸ்டிட்சைப் பூட்டாமல் விட்டால் நுனியைப் பிடித்து ஒரு இழு, மொத்தக் கோடும் சரசரவென்று அவிழ்ந்துவிடும். பழகும் துணியில் இது வசதி, அவிழ்த்து அதே நூலில் மறுபடி போடலாம். பிளவுஸில் இது நடந்தால் வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நிற்பார். பூட்டுவதில் பல முறைகள் உண்டு. எளிதான ஒன்று, கடைசியில் மிகச் சிறிய தையல் ஒன்று போட்டு, கீழே நூலை வெட்டி, அதன் முனையைக் கடைசி வளையத்துக்குள் விட்டு இழுத்து இறுக்கி, அந்த வாலைப் பின்பக்கம் கொண்டுபோய்விடுவது. டீச்சர் எந்த முறை சொன்னாலும் சரி, போட்டு முடித்து நுனியைச் சுண்டி இழுத்துப் பாருங்கள், அவிழக்கூடாது.

மணி, லோட், சர்தோசி

செயின் வந்துவிட்டால் மணி வேகமாக வரும். மணியை ஊசித் தண்டில் ஏற்றிக்கொண்டு, நூலை மேலே இழுத்ததும் மணியை ஊசியிலிருந்து நூல் வளையத்துக்குத் தள்ளிவிட்டு அடுத்த குத்து. ஊசி போகும் அளவுக்கு மணியின் துவாரம் இருக்க வேண்டும், பொடி மணிக்கு மெல்லிய ஊசி தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். தையலின் நீளமும் மணியின் நீளமும் ஒன்றாக இருப்பதுதான் இதில் சூட்சுமம். தையல் குட்டையானால் மணி நிமிர்ந்து நிற்கும், கழுத்தில் உறுத்தும். நீளமானால் மணிக்கு நடுவில் நூல் தெரியும். வளைவுகளில் ஒரு தையலுக்கு ஒரே ஒரு மணிதான், நேர்கோட்டில் இரண்டு வைத்துக்கொள்ளலாம். மணியைக் கிண்ணத்தில் வைக்காமல் ஒரு துண்டு வெல்வெட் துணியில் பரப்புங்கள், ஊசியால் நேராகக் கோர்த்தெடுக்கலாம், உருண்டு ஓடாது.

லோட் ஸ்டிட்ச் என்பது இலை, இதழ்களை உப்பலாகக் காட்ட. உள்ளே முதலில் செயின் வரிசைகளாலோ தடித்த நூலாலோ மெத்தை போட்டு, அதற்கு மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நெருக்கமாகத் தைப்பது. மெத்தை நீளவாக்கில் என்றால் மேல் தையல் குறுக்குவாக்கில் போக வேண்டும், இரண்டும் ஒரே திசையில் போனால் மேல் நூல் உள்ளே புதைந்துவிடும். இதில் அவசரப்படுபவர்களின் இலை ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், அதைப் பின்னால் ஜரிக் கோடு போட்டு மறைத்துவிடலாம் என்று சில வகுப்புகளிலேயே சொல்லித் தருகிறார்கள். மறைக்கலாம்தான். ஆனால் ஓரத்தைச் சரியாகப் போடக் கற்றுக்கொண்ட பிறகு மறைக்க வேண்டிய அவசியமே வராது, அதுவரை ஜரிக் கோடு கேட்காதீர்கள்.

சர்தோசியில் கம்பிச் சுருளைச் சின்னத் துண்டுகளாக வெட்டி மணி போலக் கோர்த்துத் தைக்கிறோம். சுருளை இழுத்துவிடாதீர்கள், ஒருமுறை நீண்டால் பழைய நிலைக்கு வராது. துண்டு இடைவெளியை விட ஒரு துளி அதிகமாக இருந்தால் வில் போல மேலே எழும்பி அழகாக இருக்கும், குறைந்தால் இரண்டு பக்கமும் நூல் எட்டிப் பார்க்கும். கையில் வியர்வை அதிகம் வருபவர்கள் பக்கத்தில் ஒரு பருத்தித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள், உலோக நூலுக்கும் ஈரத்துக்கும் ஆகாது.

டிசைனைத் துணியில் இறக்குவது

சில வகுப்புகளில் டீச்சரே துணியில் வரைந்து கொடுத்துவிடுவார், மாணவி தைத்துக்கொண்டே போவார். படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் ஆர்டரில் திண்டாட்டம் இங்கேதான். கண்டிப்பாகக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பட்டர் ஷீட் எனும் மெல்லிய தாளில் டிசைனை வரைந்து, அடியில் மடித்த கம்பளி வைத்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகக் குத்த வேண்டும். பின்பக்கம் எழும்பும் சொரசொரப்பை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துவிட்டால் துவாரம் அடைபடாது. வெள்ளை ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து, பஞ்சு அல்லது துணியால் தொட்டுத் தாளின் மேல் ஒரே திசையில் தேய்த்தால் துணியில் புள்ளிப் புள்ளியாக இறங்கும். மண்ணெண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் கோடு பரவாது. வெளிர் நிறத் துணிக்கு வெள்ளைப் பவுடருக்குப் பதில் நீலப் பொடி. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு பக்கத்தில் வேண்டவே வேண்டாம். குழம்பு தண்ணியாக இருந்தால் துணி பாழ், அதனால் எப்போதும் ஒரு ஓரத்துண்டில் சோதித்துவிட்டு இறக்குங்கள். தாளைப் பத்திரமாக வைத்தால் அதே டிசைனைப் பலமுறை இறக்கலாம்.

பிளவுஸ் வேண்டாம் என்பவர்களுக்கு

எல்லோருக்கும் ஆரி ஒத்துவராது. சிலருக்குக் கீழே கையை விட்டுத் தைப்பது தோள்பட்டையில் வலி, சிலருக்குப் பளபளப்பே பிடிக்காது. எண்ணித் தைக்கும் வேலைகள் அவர்களுக்குப் பொருந்தும். கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிட்ச் போட டிரேஸிங் கிடையாது, கட்டத்தை எண்ணினால் போதும். ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணி தொடக்கத்துக்கு நல்லது. ஒவ்வொரு கிராஸிலும் மேலே விழும் தையல் எல்லாம் ஒரே சாய்வில் இருக்கட்டும், ஒன்று மாறினாலும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

கேன்வாஸில் உல்லன் நூலால் முழுப் பரப்பையும் நிரப்பும் வேலை, ஒரு காலத்தில் கிளியும் ரோஜாவுமாகக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டுவார்களே அது, இன்றும் ஆங்காங்கே சொல்லித் தருகிறார்கள். அங்கே சேர்ந்தால் ஒன்றைக் கேளுங்கள். சாய்ந்த சின்னத் தையலை முன்பக்கம் ஒரே மாதிரி தெரியும்படி மூன்று விதமாகப் போடலாம், வித்தியாசமெல்லாம் பின்பக்கத்தில். அரைக் கிராஸாகப் போட்டால் நூல் குறைவு, பின்பக்கம் மெலிசு. வரிசையாகப் பின்னால் நீளச் சாய்வு விழும்படி போட்டால் தடிமன், ஆனால் கேன்வாஸ் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கோணலாகும். மூலைவாட்டில் மேலும் கீழுமாகப் போட்டால் பின்பக்கம் கூடை முடைந்தது போல வரும், கேன்வாஸ் கோணலாவது மிகக் குறைவு. குஷன், நாற்காலி மெத்தை என்று உழைக்க வேண்டிய பொருளுக்கு மூன்றாவதுதான் என் தேர்வு.

எண்ணித் தைப்பதில் நம் மண்ணில் உச்சம் என்றால் நீலகிரித் தோடர் பெண்களின் வேலை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, டிரேஸிங் இல்லாமல் இழையை எண்ணியே போடுவார்கள். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆர்வத்துக்குக் கற்றுக்கொள்வதாக இருந்தால் அவர்களிடமே நேரில் கற்றுக்கொள்வது முறை. அதைப் போலப் போட்டுவிட்டுத் 'தோடா' என்று பெயர் வைத்து விற்க வேண்டாம்.

வீட்டில் பழகும்போது

வாரம் ஒரு நாள் நாலு மணி நேரம் உட்காருவதை விட தினமும் அரை மணி நேரம் மேல். கீழ்க்கை விரல்கள் ஒரு வாரம் இடைவெளி விட்டால் முழுதாக மறந்துவிடும். பகல் வெளிச்சத்தில், வலக்கைக்காரர்கள் இடப்பக்கம் ஜன்னல் வரும்படி உட்காருங்கள். கறுப்புத் துணியில் கறுப்பு மணி என்று ஆர்டர் வந்தால் இரவில் தொடவே தொடாதீர்கள். ஃப்ரேம் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். தரையில் சம்மணமிட்டுப் பழகியவர்கள் அப்படியே செய்யலாம், முடியாதவர்கள் ஸ்டாண்டை உயர்த்தி நாற்காலியில் உட்காரலாம், டீச்சர் தரையில் உட்காருகிறார் என்பதற்காக முதுகைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தூரத்தில் எதையாவது பாருங்கள்.

ஆரி ஊசி விரலில் ஏறிவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், கொக்கி தசையைக் கிழிக்கும். ஊசியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, நுனி லேசாகத்தான் ஏறியிருந்தால் வந்த வழியிலேயே மெதுவாக எடுங்கள். ஆழமாகப் போயிருந்தால் நேராக டாக்டரிடம். வேலை முடிந்ததும் நுனியில் ஒரு தெர்மகோல் துண்டைக் குத்தி வையுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம்.

ஒவ்வொரு தையலுக்கும் ஒரு சின்னத் துணித்துண்டு வைத்து நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நூல் எத்தனை இழை, எந்த ஊசி, எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். நேரம் எழுதுவது முக்கியம். பிறகு கூலி சொல்லும்போது வைத்துப் பார்க்க உங்களுக்கு வேறு கணக்கே இருக்காது. பொருள் செலவைத் தனியாக, நேரத்தைத் தனியாகக் கணக்குப் போட்டு விலை சொல்லுங்கள். பக்கத்துக் கடைக்காரர் சொன்ன விலையில் நூறு குறைத்துச் சொல்வதையே வழக்கமாக்கினால் கண்ணும் முதுகும் போனதுதான் மிச்சம்.

முதல் பிளவுஸ்

உங்களுக்கே போடுங்கள், அல்லது திட்டாத அக்கா, தங்கைக்கு. அளவு பிளவுஸை வைத்துத் துணியில் கழுத்து, கை, முதுகுக் கோடுகளை வரைந்து, தையலுக்கு விடும் துணியையும் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டாமல் முழுத் துணியாகவே ஃப்ரேமில் மாட்ட வேண்டும், தைத்து முடித்த பிறகே டெய்லர் வெட்டுவார். நெருக்கமான வேலை துணியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிடும், அதனால் சுற்றிலும் தாராளமாக இடம் விடுங்கள். தையல் மடிப்புக்குள் போகும் இடத்தில் மணியோ கல்லோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், மெஷின் ஊசி அதில் பட்டால் உடையும், டெய்லரின் திட்டும் உங்களுக்குத்தான். பின்பக்கத்துக்குப் பருத்தி லைனிங் கொடுக்கச் சொல்லுங்கள், முடிச்சுகள் உடம்பில் உரசாது. அயர்ன் பண்ணுவதென்றால் தடித்த துண்டின் மேல் வேலைப்பாடு கீழே வரும்படி கவிழ்த்துப்போட்டு, பின்பக்கமாக, மிதமான சூட்டில். பசை போட்டு ஒட்டிய கல் உள்ள இடத்தில் அயர்ன் வேண்டாம். போட்டுக் கழற்றியதும் நிழலில் காயவிட்டு, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடினால் ஜரி கறுத்துவிடும்.